கனடாவில இருந்து வாற எஞ்சின் ஹீட்டர் திருமலை அக்குவாவுக்குச் சரிவருமா?

உவர்மலை_அக்குவா

எல்லாருக்கும் வணக்கம். வாகனம் 2013 ரொயோட்டா அக்குவா, 1500 சீசீ, மீற்றர் 112,000 கிலோமீற்றர். திருகோணமலை உவர்மலையில இருந்து உட்துறைமுக வீதிக்கு ஒருக்காப் போக 3 கிலோமீற்றர். காலை ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து போக ரெண்டு, பின்னேரம் ஒன்று என்று நாளுக்கு நாலு ஓட்டம். லீற்றருக்கு 13 கிலோமீற்றர், நல்லா ஓடினால் 14 காட்டுது. ஹபரணை மட்டும் போய் வந்தாலும் 19க்கு மேல ஏறுதில்லை. மற்ற அக்குவாக்காரர் தூர ஓட்டத்துக்கு 22, 23 என்கினம்.

கனடாவில இருக்கிற அண்ணா குளிர்காலத்தில விடிய முதலே எஞ்சினைக் கரண்டில சூடாக்கிப்போட்டுத்தான் தன்ர பிரியஸை எடுக்கிறவர். எண்ணெய் மிச்சம் என்கிறார். அடுத்த பெட்டிக்குள்ள எனக்கும் ஒரு ஹீட்டர் போட்டு அனுப்பவோ என்று கேக்கிறார். அதை இங்க பூட்டினால் பிரயோசனம் இருக்கா? இல்லாட்டி காலையில 5 நிமிஷம் ஸ்டார்ட்டில விட்டுச் சூடாக்கிப்போட்டு எடுக்கிறது நல்லதோ? வாகனம் வாங்கி 8 மாதம்தான். முதல் வைச்சிருந்தவர் என்னென்ன வேலை செய்தவர் என்று தெரியாது.

திருமலை_ஸ்காபரோ

தம்பி, அண்ணா செய்யிறது அங்க சரியான வேலை. அது ஏன் சரி என்று விளங்கினால், இங்க ஏன் தேவையில்லை என்பதும் விளங்கும்.

அக்குவா, பிரியஸ் மாதிரி எஞ்சினும் பற்றரியும் சேர்ந்து ஓட்டுற ஹைபிரிட் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறதே எஞ்சினை நிப்பாட்டி நிப்பாட்டி ஓடுறதாலதான். எஞ்சின் குளிரா இருந்தால் கொம்பியூட்டர் அதை நிப்பாட்ட விடாது. புகைக்குழாயில புகையைச் சுத்தமாக்கிற கற்றலிஸ்ட் சூடாகவேணும், ஒயில் இளகவேணும், எஞ்சினைச் சுத்தி ஓடுற கூலன்ற் தண்ணியின்ர சூடு ஏறவேணும். ரொயோட்டா ஹைபிரிட்டில கூலன்ற் 40 பாகை தாண்டினதும் கட்டுப்பாடு கொஞ்சம் தளரும், 70 பாகையை ஒட்டித்தான் சிக்னலில நிற்கேக்கை எஞ்சினை முழுசா நிப்பாட்ட ஓம் சொல்லும். அங்க மாசி மாதக் காலையில மைனஸ் 15இல இருந்து 70க்கு ஏறவேணும் என்றால் 85 பாகை. அதோட ஆளுக்கும் குளிருது, ஹீட்டர் போடுறம். அந்தச் சூடும் எஞ்சினில இருந்துதான் வருது. அதனால வாகனம் நிற்கேக்கையும் எஞ்சின் ஓடும். நிக்கல் பற்றரியும் குளிரில விறைச்சுப்போய், சார்ஜ் வாங்கவும் குடுக்கவும் பின்னடிக்கும்.

அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின்ர கணக்கு ஒன்று இருக்கு. 25 பாகையோட ஒப்பிட்டால், மைனஸ் 7 பாகையில 5, 6 கிலோமீற்றர் குறுகிய ஓட்டத்துக்கு ஹைபிரிட்டின்ர எண்ணெய்ச் சிக்கனம் 30 தொடக்கம் 34 வீதம் வரைக்கும் விழும். அந்த 25 பாகை என்பது அவையின்ர நல்ல காலநிலை. திருமலையில மார்கழி வாடைக்காற்று அடிக்கிற விடியப்புறமும் அவ்வளவுதான். அவையள் ஹீட்டர் பூட்டி எட்டப் பாக்கிற இடத்தில உங்கட வாகனம் ஏற்கனவே நிக்குது.

அந்த ஹீட்டர் 400 வாட் உள்ள ஒரு சின்னக் குச்சி. எஞ்சின் புளொக்கில வார்ப்பிலேயே விட்டிருக்கிற துளைக்குள்ள வெப்பக் களிம்பு பூசிச் செருகிறது. கூலன்றைத் தொடாது. களிம்பு குறைஞ்சு இடையில காற்று நிண்டால் சூடு உலோகத்துக்குப் போகாமல் குச்சியே எரிஞ்சுபோம். புறப்பட 2 மணித்தியாலம் முந்தி ரைமர் போட்டால் காணும். இரவு முழுக்க விட்டால் ஏறின சூடு வெளிக்காற்றில போகும், கரண்ட் பில் மட்டும் மிஞ்சும். முன்பக்கக் காற்றுக் கிறில்லை மூடி ஓடுறதும் அங்கத்தைய வேலை. இங்க அதைச் செய்தால் எஞ்சின் கொதிக்கும்.

கொம்பனியே இந்தச் சூட்டுக்கு எவ்வளவு மினக்கெட்டது என்று பாருங்கோ. 2004 தொடக்கம் 2009 வரை வட அமெரிக்காவுக்குப் போன ரெண்டாம் தலைமுறைப் பிரியஸில 3 லீற்றர் சுடுதண்ணிப் போத்தில் மாதிரி ஒரு தாங்கி இருந்தது. எஞ்சினை நிப்பாட்டினதும் சூடான கூலன்றை அதுக்குள்ள இழுத்து வைச்சு, அடுத்த ஸ்டார்ட்டுக்கு முதல் திருப்பி விடும். மூன்றாம் தலைமுறையில அதை எடுத்துப்போட்டு, புகைக்குழாயால வீணாப்போற சூட்டைக் கூலன்றுக்கு ஏற்றுற அமைப்பை வைச்சினம்.

நிண்ட இடத்தில 5 நிமிஷம் சூடாக்கிறதும் வேண்டாம். டாஷில "ரெடி" லைட் வந்ததும் மெதுவா எடுங்கோ. முதல் ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட எஞ்சின் கற்றலிஸ்டைச் சூடாக்கத்தான் ஓடுது. அந்த நேரம் வாகனத்தை உருட்டுறது பெரும்பாலும் பற்றரிதான். அப்ப அக்சிலேற்றரைச் சவட்டாமல் விட்டால் காணும்.

மட்டிக்களி_மின்வேலை

ஹீட்டர் வந்து இறங்கினாலும் இங்கத்தையச் சுவர்ப் பிளக்கில குத்த வேண்டாம். கனடாச் சாமான் 120 வோல்ட்டுக்குச் செய்தது. 400 வாட் என்றால் அதின்ர தடை 36 ஓம். எங்கட 230 வோல்ட்டைக் குடுத்தால் 6 அம்பியருக்கு மேல இழுக்கும், வாட் கிட்டத்தட்ட 1,470க்குப் போகும். விரலளவு குச்சிக்கு அது மூன்றரை மடங்குக்கும் மேல. களிம்பு காயும், காவல் உருகும், பக்கத்தில போற வயர்க்கட்டு கருகும். கரண்ட் கசிவு வாகனத்தின்ர பொடிக்கு வந்தால் ட்ரிப் சுவிச் விழும். எர்த் சரியில்லாத வீடென்றால் அதுவும் விழாது, கதவைத் தொடுற ஆளுக்கு அடிக்கும்.

வோல்ட் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் போடலாம். போட்டாலும் கணக்கு வராது. 2 மணித்தியாலத்துக்கு 0.8 யூனிட், அதுவும் நாலு ஓட்டத்தில முதல் ஓட்டத்துக்கு மட்டும். மத்தியானம் எடுக்கேக்கை எஞ்சின் காலையில இருந்த சூடு முழுக்க ஆறியிராது. அந்த இடத்தில வேற நல்ல சாமான் ஏதும் போட்டு அனுப்பச் சொல்லுங்கோ.

பாலையூற்று_கராஜ்

ஹீட்டர் கதை முடிஞ்சுது. எனக்கு யோசனை அந்த 19இலதான். 3 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 13, 14 என்றால் பாதிக் குற்றம் ஓட்டத்தின்ர தூரத்தில. ஆனால் ஹபரணை போய்வர 170 கிலோமீற்றர், பெரிய ஏற்றமில்லாத றோட்டு. அதில 19 என்றால் வாகனத்தில வேற ஏதோ இருக்கு.

முதல்ல தெர்மோஸ்டற்றைப் பாருங்கோ. எஞ்சின் சூடேறும் மட்டும் கூலன்றை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மூடி வைச்சிருக்கிற வால்வ் அது. "இது சூட்டு நாடு, இது எதுக்கு" என்று அதைக் கழற்றி எறியிற பழக்கம் பழைய டீசல் வான் காலத்தில இருந்து இருக்கு. கொதிக்கிற எஞ்சினுக்கு உண்மையான காரணத்தைத் தேடாமல் செய்யிற வேலை அது. சாதாரணக் காரில அதால கொஞ்சம் எண்ணெய் கூடப் போகும். ஹைபிரிட்டில அது பெரிய கேடு. கூலன்ற் ஓயாமல் ரேடியேற்றர் சுத்தி ஆறிக்கொண்டே இருக்கும், 70ஐப் பிடிக்கவே மாட்டாது. பிடிக்காட்டி கொம்பியூட்டர் எஞ்சினை நிப்பாட்டாது. வெளியில 33 பாகை வெயில் கொளுத்தினாலும் எஞ்சினுக்குள்ள கனடாக் குளிர்காலம்தான். வால்வ் திறந்தபடி இறுகிப்போனாலும் இதே கதை.

கழற்றாமல் கண்டுபிடிக்கலாம். வாகனக் கொம்பியூட்டரை வாசிக்கிற ஓபிடி புளூடூத் ஸ்கானர் ஒன்றும் போனில ஹைபிரிட் அசிஸ்டன்ட் மாதிரி ஒரு அப்பும் காணும். இரவு முழுக்க நிண்ட வாகனத்தில காலையில கூலன்ற் சூட்டைப் பாருங்கோ, வெளிச்சூட்டை ஒட்டி இருக்கவேணும். பிறகு ஓட்டிப் பாருங்கோ. எங்கட ஊர்ச் சூட்டுக்கு 5, 6 நிமிஷ ஓட்டத்தில 70ஐத் தொட்டு, பிறகு 80க்கு மேல போய் நிலைக்கவேணும்.

அடுத்தது கைப் பரிசோதனை. கூலன்ற் 55, 60 காட்டேக்கை ஓரமா நிப்பாட்டி, பவரை ஓஃப் பண்ணிப்போட்டு பொனற்றைத் திறவுங்கோ. ரெடியில விட்டபடி கை வைக்க வேண்டாம், எஞ்சினும் ஃபானும் கேளாமல் ஓடத் தொடங்கும். ரேடியேற்றரின்ர கீழ் மூலையையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பாருங்கோ. பச்சைத்தண்ணி மாதிரி இருந்தால் தெர்மோஸ்டற் மூடித்தான் நிக்குது, அதில பிழையில்லை. அங்கயும் சுட்டால் திறந்து கிடக்குது, அல்லது இல்லவே இல்லை. சில வேளை P0128 கோட், அதாவது கூலன்ற் வேண்டிய சூட்டுக்கு ஏறேல்லை என்ற பிழைக் குறி, பதிஞ்சிருக்கும். டாஷில லைட் எரியேல்லை என்பதை நம்ப வேண்டாம், ஸ்கானரில பாருங்கோ.

உவர்மலை_அக்குவா

நன்றி அண்ணாமார். பார்த்த கணக்கு:

காலை 7.10க்கு ஸ்டார்ட் பண்ணேக்கை 28 பாகை. அலுவலகத்தில நிப்பாட்டேக்கை 56. ஞாயிற்றுக்கிழமை கந்தளாய்ப் பக்கம் மணிக்கு 60 கிலோமீற்றரில ஒரே சீரா 25 நிமிஷம் ஓட, 66, 68க்கு மேல ஏறேல்லை. அக்சிலேற்றரை விட்டால் 61க்கு இறங்குது. 50 காட்டேக்கை ரேடியேற்றர் கீழ் மூலை நல்லாச் சுட்டது. P0128 சேமிப்பில இருக்கு. எக்ஸ்பான்ஷன் போத்திலில இருக்கிறது பிங்க் இல்லை, வெளிறின தண்ணி மாதிரி.

பாலையூற்று_கராஜ்

தெர்மோஸ்டற் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிட்டுது. கூலன்றும் மாத்தத்தான் வேணும். வெறும் தண்ணி ஊத்தியிருக்கினம் போல. எங்கட கிணத்துத் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் உண்டு. அது ரேடியேற்றரின்ர மெல்லிய குழாய்களிலயும் வாட்டர் பம்பிலயும் படிவு கட்டும். அக்குவாவில வாட்டர் பம்ப் பெல்ட்டில ஓடுறதில்லை, கரண்டில ஓடுறது. அது பழுதானால் செலவு தெர்மோஸ்டற் மாதிரி இல்லை.

வாங்கவேண்டியது: 82 பாகை தெர்மோஸ்டற் ஒன்று, அதின்ர றப்பர் வளையம் புதுசு, கலந்தே வாற பிங்க் சூப்பர் லோங் லைஃப் கூலன்ற் 5 லீற்றர், கழுவ டிஸ்டில்ட் வாட்டர் 10 லீற்றர். 71, 76 பாகை என்று மலிவா விக்கிறதை எடுக்க வேண்டாம், திரும்ப இதே நோய்தான். பச்சைக் கூலன்றைப் பிங்கோட கலக்கிறதும் கூடாது.

பூட்ட முதல் புது தெர்மோஸ்டற்றையும் சோதியுங்கோ. சட்டியில தண்ணி வைச்சு, நூலில கட்டி நடுவில தொங்கவிட்டு, ஒரு தேர்மோமீற்றரும் விட்டுச் சூடாக்குங்கோ. சட்டியின்ர அடியில முட்டவிட்டால் பிழையாக் காட்டும். 80க்கும் 84க்கும் இடையில வால்வ் மெல்ல விலகத் தொடங்கவேணும். 95இல 8 மில்லிமீற்றர் அளவுக்குத் திறந்திருக்கவேணும். ஆறினதும் இடைவெளி இல்லாமல் இறுக மூடவேணும். புதுசிலயும் மூடாதது வரும், அதால இந்த வேலையைத் தவிர்க்க வேண்டாம்.

எஞ்சின் முழுக்க ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கிறது. ரேடியேற்றர் அடி வடிகாலைத் திறந்து பழசைத் தட்டில பிடியுங்கோ. ஒரு சொட்டும் நிலத்தில விட வேண்டாம். கூலன்ற் இனிக்கும், அதே நேரம் நஞ்சு. திருமலையில மாடும் மானும் தெருவில திரியிறது உங்களுக்குத் தெரியும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துப்போம். கீழ் ஹோஸ் எஞ்சினில சேருற மூடிக்குள்ளதான் தெர்மோஸ்டற் இருக்கும். அதின்ர விளிம்பில ஆடுற சின்ன ஊசி ஒன்று இருக்கு. அது மேல்பக்கமா வரவேணும், காற்று அதாலதான் வெளியேறும். தலைகீழாப் பூட்டினால் காற்று அடைபட்டு ஒரு பக்கம் கொதிக்கும். டிஸ்டில்ட் வாட்டரை ரெண்டு தரம் விட்டு ஓடவிட்டு இறக்குங்கோ, பிறகு பிங்க்.

காற்று எடுக்க எஞ்சின் தொடர்ந்து ஓடவேணும், ஹைபிரிட் தானா ஓடாது. அதுக்கு மெயின்ரனன்ஸ் மோட் இருக்கு. ஹாண்ட் பிறேக் போட்டு, பிறேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை ரெண்டு தரம் அமத்துங்கோ. கியரைப் பீயில (பார்க்) வைச்சு அக்சிலேற்றரை முழுசா ரெண்டு தரம், என்னுக்கு (நியூட்ரல்) மாத்தி ரெண்டு தரம், திரும்பப் பீயில ரெண்டு தரம் மிதிக்கிறது. எல்லாம் 60 செக்கனுக்குள்ள முடியவேணும். டாஷில மெயின்ரனன்ஸ் மோட் என்று வரும். பிறகு பிறேக்கை மிதிச்சுப் பவர் அமத்தினால் எஞ்சின் நிப்பாட்டாமல் ஓடும். இந்த மோட்டில வாகனத்தை ஓட்டக்கூடாது, கியர்ப் பெட்டி கெட்டுப்போம்.

ஹீட்டரை ஆகக் கூடின சூட்டில வைச்சு, மேல் ஹோஸைக் கையால அமத்தி அமத்தி விடுங்கோ. குமிழி வாறது நிக்கவேணும், உள்ளுக்கு வாற காற்று ஒரே சூடா வரவேணும். இடைக்கிடை குளிர்காற்று வந்தால் உள்ள இன்னும் காற்று நிக்குது. அடுத்த நாள் ஆறின எஞ்சினில மட்டத்தைத் திரும்பப் பாருங்கோ, கொஞ்சம் இறங்கியிருக்கும். அதுக்குப் பிறகும் கிழமைக்குக் கிழமை இறங்கினால் வேற இடத்தில கசிவு, அதை விட்டுவைக்கக் கூடாது. பற்றரிக் கரண்டை மோட்டருக்கு மாத்திக் குடுக்கிற இன்வேட்டருக்குத் தனிக் கூலன்ற் போத்தில், தனிப் பம்ப். அதுக்குள்ளயும் தண்ணி ஊத்தியிருக்கினமோ என்று நிறத்தைப் பாருங்கோ.

நிலாவெளி_வீதி

தம்பி, எஞ்சினுக்குச் சூடு வேணும், பற்றரிக்குச் சூடு ஆகாது. ரெண்டும் ஒரே வாகனத்தில இருக்கிறதால கலந்து யோசிக்க வேண்டாம்.

அக்குவாவின்ர 144 வோல்ட் நிக்கல் பற்றரி பின் சீட்டுக்குக் கீழ இருக்கு. அது குளிர்றதுக்கு இழுக்கிறது நீங்கள் இருக்கிற அறைக் காற்றைத்தான். கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில வெயிலில நிப்பாட்டின வாகனத்துக்குள்ள 50, 60 பாகை. அதை அப்பிடியே எடுத்தால் பற்றரி அந்தக் கொதியைத்தான் குடிக்கும். சூடேறின பற்றரிக்கு கொம்பியூட்டர் கரண்டைக் குறைக்கும், பிறேக்கில திரும்பி வாற சக்தியும் முழுசா ஏறாது. ஆகவே இங்கத்தைய ஆயத்தம் சூடாக்கிறது இல்லை, ஆத்திறது. நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓடுங்கோ, பிறகு மூடி ஏசி போடுங்கோ, உள்காற்றுச் சுழற்சியில 25, 26. அக்குவா ஏசிக் கொம்பிறசர் கரண்டில ஓடுறது. உள்ளுக்குக் கொதி நிக்கேக்கையே 18இல வைச்சால் பற்றரி கெதியா இறங்கி, அதை ஏத்த எஞ்சின் ஓடும்.

பின் சீட்டின்ர கீழ்ப் பக்கத்தில இருக்கிற காற்றுத் துவாரத்தைப் பாருங்கோ. பை, துவாய், பிள்ளையளின்ர சாமான் ஒன்றும் மறைக்கக் கூடாது. மாதத்துக்கு ஒருக்கா வக்கூம் பிடியுங்கோ. உள்ள இருக்கிற ஃபான் தகடுகளில தும்பும் கடற்கரை மண்ணும் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். 112,000 ஓடியும் கழற்றாத ஃபான் என்றால் கட்டாயம் கழற்றித் துடைக்கவேணும். அந்த வேலைக்கு உயர் வோல்ட் போற செம்மஞ்சள் வயர் பக்கத்தில கை போறதால, பற்றரிக் கரண்டைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கை இழுத்து 10 நிமிஷம் விட்டு, மின்காப்புக் கையுறையோட செய்யத் தெரிஞ்ச ஆளிட்டத்தான் குடுக்கவேணும். திறந்த கையோட, பற்றரிக்குள்ள இருக்கிற மொடியூல்களை இணைக்கிற செப்புத் தகடுகளையும் பார்க்கச் சொல்லுங்கோ. எங்கட உப்புக் காற்றுக்கு அதில பச்சை பூக்கும்.

மழைக்காலத்தில கண்ணாடி புகார் பிடிச்சால் சூட்டைக் கூட்டிற ஆக்கள் இருக்கினம். சூட்டைக் கூட்டினால் எஞ்சின் அதுக்காகவே ஓடும். ஏசியைப் போட்டு 24இல விட்டால் ஈரம் எடுபடும்.

கடைசியா ஓட்டத்தை அடுக்கிறது. பின்னேரம் பெரியகடையும் அன்புவழிபுரமும் போகவேணும் என்றால் முதல்ல தூரத்துக்குப் போங்கோ. எஞ்சின் ஒருக்காச் சூடேறினால் எங்கட காலநிலைக்கு ஒரு மணித்தியாலம் நிண்டாலும் நல்ல சூடு மிஞ்சும், கிட்ட இருக்கிற அலுவல் அந்தச் சூட்டிலயே முடியும்.

உவர்மலை_அக்குவா

நன்றி அக்கா. இன்னொரு கேள்வி. காலையில, பற்றரியில மட்டும் ஓடவிடுற ஈவி பட்டனை அமத்தி எஞ்சினை எழுப்பாமலே 3 கிலோமீற்றரையும் ஓடினால் என்ன?

பாலையூற்று_கராஜ்

ஓடாது. அந்தப் பற்றரியில பாவிக்கக்கூடிய பங்கு ஒரு ஒன்றரைக் கிலோமீற்றருக்குத்தான் காணும், உவர்மலை ஏற்றம் வந்தால் அதுவும் இல்லை. இறங்கின பற்றரியை ஏத்தவும் குளிர் எஞ்சினைச் சூடாக்கவும் ஒரே நேரத்தில எண்ணெய் போகும். வாகனத்தைக் கழுவ முற்றத்தில 10 மீற்றர் நகர்த்த, கேற்றைத் திறந்து வெளியில எடுத்து வைக்க, அதுக்கு ஈவி சரி. அந்த 10 மீற்றருக்காக எஞ்சினை எழுப்பி ஒரு நிமிஷத்துக்குள்ள நிப்பாட்டினால் ஒயிலுக்குள்ள பெற்றோலும் ஈரமும் சேரும்.

தெர்மோஸ்டற் மாத்தினதும் அதே கந்தளாய் றோட்டில அதே 60இல ஓடி 82க்கு மேல நிக்குதோ என்று பாருங்கோ. நிண்டால் P0128ஐ அழிச்சுப்போட்டு, ராங்கை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி ஹபரணை போய் வாங்கோ. வந்ததும் அதே பம்பில திரும்ப நிரப்பி, போன லீற்றரால கிலோமீற்றரைப் பிரியுங்கோ, டாஷில காட்டிறதை எடுக்க வேண்டாம். அதிலயும் 20க்குக் கீழ என்றால் ரயர்க் காற்றையும் பிறேக் இறுக்கத்தையும் பாத்து எழுதுங்கோ. 3 கிலோமீற்றர் ஓட்டம் இப்ப இருக்கிறதை விடக் கூடும், ஆனால் 22ஐ அதில எதிர்பார்க்க வேண்டாம்.